ரோடு வராத கார் ரேஸ்

வேலை கிடைக்காத கம்ப்யூட்டர் பட்டதாரியிடம், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் ஒப்படைக்கக் கூடாது. என் அக்கா வீட்டுக்காரர் ஆரோக்கியம் மாமா ஒப்படைத்தார்.

செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவர், அனல் பட்டது போதும், தூசியில் இருமியது போதும் என்று அதை விட்டுவிட்டு, விருத்தாசலம் பாலக்கரையில் கேம் சென்டர் வைத்தார். ஆறு கம்ப்யூட்டர். கார் ரேஸுக்குக் கல்லூரிக் கூட்டம் காத்துக் கிடந்தது. ஒரே தொல்லை வைரஸ். யாராவது சிடியைப் போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் ஏதாவது ஒரு மெஷின் படுத்துவிடும்.

“விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா வைரஸ் தொல்லையே இருக்காது மாமா,” என்றேன். (பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்து முந்தைய வாரம்தான் நான் லினக்ஸ் நிபுணராகியிருந்தேன்.)

“கேமு ஓடுமா மாப்ள?”

“ஓடும் மாமா. விண்டோஸ் கேமை அதுல ஓட்ட தனியா ஒரு சாஃப்ட்வேர் இருக்குது.”

என் கம்ப்யூட்டரில் அப்படிச் சீட்டாட்டம் ஓடியிருந்தது. சீட்டு ஓடினால் கார் ஓடாதா?

மாமா நம்பினார். ஞாயிற்றுக்கிழமை அவரும் அக்காவும் சர்ச் பூசைக்குப் போய், சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் ஆறு மெஷினிலும் இருந்த விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிவிட்டேன். ஒன்றில் மட்டும் போட்டுப் பார்த்திருக்கலாம். (அறிவுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.)

மறுநாள் முதலில் வந்து உட்கார்ந்தவர் செல்போன் கடை தாஸ். கார் வந்தது. சக்கரம் சுற்றியது. ரோடு வரவில்லை. கும்மிருட்டில், சத்தமே இல்லாமல், கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“இன்னாங்க, ரோட்டக் காணோம்?”

“லோடாவுதுங்க.”

அவர் பொறுமையாகக் காத்திருந்தார். மற்ற மெஷின்களில் காரும் வரவில்லை. பனியில் பென்குயின் சறுக்கும் ஓர் ஆட்டத்தைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

“இது எப்பதான் ரெடியாவும் மாப்ள?”

“அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும் மாமா.”

“அது எப்ப வரும், மதியானமா?”

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

பழையபடி விண்டோஸ் போடலாம் என்றால், மாமாவிடம் இருந்த சிடி கீறல் விழுந்து பாதியில் நின்றது. கடலூரிலிருந்து ஆள் வந்து சரிசெய்வதற்குள் ஜங்ஷன் ரோட்டில் ஏசி போட்ட கேம் சென்டர் ஒன்று திறந்துவிட்டது. அங்கே போன கூட்டம் திரும்பவில்லை. அந்த மழைக்காலத்திலேயே மாமா கடையைக் காலி செய்துவிட்டு மறுபடியும் சூளைக்குப் போனார். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. “வைரஸு வரல இல்ல? அது நீ சொன்னபடிதான் மாப்ள,” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இப்போது லினக்ஸில் பெரிய பெரிய கேமெல்லாம் ஓடுகிறது. அதை மாமாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

வீட்டில் மோட்டார் ஓடாவிட்டாலும், மிக்ஸி நின்றாலும், “எந்தம்பி அதுல எதுனா ஏத்திட்டானா பாருங்க,” என்பாள் அக்கா. எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். பாதியில் அது இருமலாகிவிடும். நான் தண்ணீர் எடுக்க எழுந்து உள்ளே போய்விடுவேன்.