முழுமையாக மறைந்தவர்

அலுவலகச் சாப்பாட்டு அறையில் சனிக்கிழமை மதியம் நடப்பதை விளையாட்டு என்று சொன்னால் சூப்பிரண்டுக்குக் கோபம் வரும். ஆளுக்கொரு கற்பனை வீரன், கையில் பகடை, எதிரில் கற்பனைப் பூதங்கள். பூதங்களுக்காகப் பகடை உருட்டுவதும் தீர்ப்புச் சொல்வதும் சூப்பிரண்டின் பொறுப்பு. உருட்டுவது யார் கண்ணிலும் படக்கூடாதென்று உயரமான அட்டைத் தடுப்பை நிறுத்தி, அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். குரல் மட்டும் வரும்.

விதிப்புத்தகத்தைத் தமிழில் எழுதியவரும் அவரே. 'செத்தவன்' என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. மரியாதையாக 'மறைந்தவர்' என்று போட்டிருந்தார். மறைந்தவர் மேற்கொண்டு ஆட இயலாது என்பது விதி.

அன்றைக்கு டைப்பிஸ்டின் வீராங்கனைக்கு நேரம் சரியில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்தவள். டைப்பிஸ்டின் மாமியார்கூட அவளை நலம் விசாரிப்பார். எதிரில் பூதம் வில்லை வளைத்து நிற்கிறது. அம்பு பட்டால் அவ்வளவுதான்.

பீப்பாய்க்குப் பின்னால் போய்விடுகிறேன் என்றாள் டைப்பிஸ்ட். விதிப்படி, உடம்பு பாதி மறைந்தால் அம்பு படுவது கஷ்டம், முக்கால் மறைந்தால் இன்னும் கஷ்டம், முழுக்க மறைந்தால் எய்யவே முடியாது. இது பாதியா முக்காலா என்று விவாதம் கிளம்பியது. கொண்டை கணக்கில் வருமா என்று காசாளர் கேட்டார். டிரைவரை நிஜமாகவே தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குந்த வைத்தார்கள். வாசலிலிருந்து பார்த்ததில் முழங்கை தெரிந்தது. முழங்கை உடம்பில் எத்தனை பங்கு என்பதில் கருத்து வேறுபாடு. தீர்ப்பு வரும்வரை டிரைவர் எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

டைப்பிஸ்டுக்குப் பொறுமை போய்விட்டது. "கொண்டையும் வேணாம், முழங்கையும் வேணாம் சார். அவ பீப்பாய்க்குள்ளயே இறங்கி மூடிய மூடிக்கிட்டா. முழுசா மறைஞ்சிட்டா. எழுதிக்குங்க."

அட்டைக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"முழுமையாக மறைந்தார்னு பதிவு பண்ணியாச்சு. அன்னாருக்கு நம்ம ஆழ்ந்த இரங்கல்."

காசாளர் எழுந்து தலைகுனிந்து நின்றபோதுதான் டைப்பிஸ்டுக்கு விஷயம் புரிந்தது. ஒளிந்துதானே இருக்கிறாள் என்று மன்றாடினாள். ஒளிதல் என்ற சொல்லே விதியில் கிடையாது என்றார் சூப்பிரண்டு. பூதம் இன்னும் அம்பே விடவில்லையே என்றாள். மறைவுக்கான காரணத்தை விதி கேட்கவில்லை என்றார். அப்படியானால் பாதி மறைந்தவர் குற்றுயிர் என்று காசாளர் விளக்கம் கொடுக்க, டிரம்முக்குப் பின்னாலிருந்த டிரைவர் அவசரமாக எழுந்து வந்துவிட்டார்.

டைப்பிஸ்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரில் அட்டை மட்டும் தெரிந்தது.

"சார், நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான்."

"எனக்குத் தெரியலையே. காசாளர் சார், உங்களுக்குத் தெரியுறாரா?"

காசாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, அட்டையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று மனசாட்சிப்படி சொன்னார்.

"அப்ப சூப்பிரண்டு முழுசா மறைஞ்சிட்டார்," என்றாள் டைப்பிஸ்ட்.

சூப்பிரண்டு விதியை மதிக்கிறவர். தாமே எழுதிய வரியைத் திரும்பவும் படித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, தமக்காகத் தாமே மௌனம் அனுசரித்துவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

நாற்காலி காலியாயிற்று. அந்த அறையில் கைப்பிடியோடு சுழலும் நாற்காலி அது ஒன்றுதான். மறைந்தது வீராங்கனை மட்டும்தான் என்பதால், பணிமூப்புப்படி டைப்பிஸ்ட் அதில் அமர்ந்தாள். அட்டைக்கு மேல் தன் தலை தெரிய வேண்டுமென்று முன்யோசனையாக அடியில் இரண்டு மெத்தைகளைப் போட்டுக்கொண்டாள்.

"முதல் வேலையா உங்க ஆளுக்கு உயிர் குடுத்துடுங்கக்கா," என்றார் டிரைவர். "மறைஞ்சவங்கன்னா ஒளிஞ்சவங்கன்னு ஒரு வரி சொன்னாப் போதும்."

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சுவரோரத்தில் சூப்பிரண்டும் ஆவலாக நிமிர்ந்தார். அந்த ஒரு வரியில் பிழைக்கப் போவது இரண்டு பேர் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நன்றாகச் சுழன்றது.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போன உயிர் போனதுதான். விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? அடுத்து யாரு ஆட்டம்?"