பதினான்காம் பக்கத்தின் பெருமை

மனிதகுலத்தின் தலைசிறந்த படைப்பு சக்கரம்தான் என்று சொல்பவர்கள், எங்கள் கம்பெனியின் தீவிர நோய்க் காப்பீட்டுப் பாலிசியில் பதினான்காம் பக்கத்தைப் படித்திராதவர்கள். நான் அங்கே 'விளக்க அதிகாரி'. படிப்பவர்களுக்குப் புரியாதபடி எழுத ஒரு துறை இருக்கிறது. எழுதியதைப் புரியவைக்க நான் இருக்கிறேன்.

அக்காவின் கணவர் மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் விடுபவர். அவர் குரல்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து விளக்கினேன்.

"ஆஸ்பத்திரிக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், அத்தான். இது அப்படியில்ல. பெரிய வியாதின்னு உறுதியாச்சுன்னா மொத்தப் பணமும் உங்க கையிலயே வரும். வாடகை கட்டுங்க, அரிசி வாங்குங்க, யாரும் கேக்க மாட்டாங்க."

"வியாதி வரலைன்னா?"

"நீங்க அதிர்ஷ்டசாலி."

"வந்தா?"

"அப்பவும் அதிர்ஷ்டசாலிதான்."

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "அழுகின தக்காளிய இவரு விக்கிற மாதிரியே பேசுறியேடா!"

"மத்த கம்பெனியில பன்னிரண்டு வியாதிதான், அக்கா. நாங்க முப்பத்தாறு தர்றோம்."

அத்தான் கண் விரிந்தது. கூடையைக் கவிழ்த்து அடியில் இருப்பதைப் பார்க்காமல் ஒரு கத்தரிக்காய்கூட வாங்காதவர், முப்பத்தாறு என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வியாதிகள் எத்தனை என்று பார்த்தாரே தவிர, ஒவ்வொன்றும் எவ்வளவு முற்றினால் பணம் வரும் என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விளக்கம் தருவது என் வேலையில் சேராது.

இரண்டு வருடம் கழித்து, ஏலத்தின் நடுவில் அத்தான் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கை தொய்ந்தது, குரல் போனது. எங்கள் பட்டியலில் பக்கவாதம் ஒன்பதாவது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவின் கையைப் பிடித்து வாழ்த்தினேன்.

"பணம் எப்படா வரும்?" என்றாள். "சந்தையில வேற ஆளைப் போட்டுட்டாங்க. வாடகை கேட்டு வீட்டு ஓனர் வாசல்ல நிக்கிறாரு."

பதினான்காம் பக்கத்தைப் பொறுமையாக விளக்கினேன். பக்கவாதம் வந்தால் மட்டும் போதாது; பாதிப்பு மூன்று மாதம் கழித்தும் நீடிக்க வேண்டும். நிலையற்ற நோய்களைக் கம்பெனி நம்புவதில்லை.

"அப்ப இவருக்கு நான் பேச்சுப் பழக்கக் கூடாதா?"

"தாராளமாப் பழக்கு. மூணு மாசத்துக்கு அப்புறம் பழக்கு."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய், "தண்ணி சொல்லுங்க... த... தண்ணி" என்று ஆரம்பித்துவிட்டாள். தினமும் சொன்னாள். அத்தானின் உதடு மட்டும் அசைந்தது.

மூன்று மாதம் முடிந்தது. கம்பெனி டாக்டர் வீட்டுக்கே பரிசோதிக்க வந்தார். விளக்குவதற்கு நானும் போனேன். டாக்டர் பேனாவைத் தூக்கிக் காட்டினார். "இது என்னங்க?"

அத்தானுக்கு நெற்றி வியர்த்தது. சத்தம் வரவில்லை.

"பக்கத்துல நிக்கிறாங்களே, இவங்க பேரு?"

அக்காவைப் பார்த்தார். கண் கலங்கியது. சத்தம் வரவில்லை.

டாக்டருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. "ஒரு தரம் கேட்டாச்சு... ரெண்டு தரம் கேட்டாச்சு..."

"மூணு தரம்!"

சந்தையே திரும்பிப் பார்க்கும் அதே குரல். இடது கை மேசையில் ஓங்கி விழுந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் எழுதினார்: 'பேச்சு தெளிவு. உச்சரிப்பு மிக நன்று.'

"ஐயா, அது இருபது வருசமா வாயில ஊறினது, தன்னால வருது!" அக்கா பதறினாள். "வேற ஒரு வார்த்தை வருதான்னு கேளுங்க!"

"பேச்சு இழப்புன்னுதான் போட்டிருக்கு, அக்கா," என்று விளக்கினேன். "எத்தனை வார்த்தைன்னு போடல." தொய்ந்த வலது கையைக் காட்டினாள். விரல் அசைகிறதே என்றார் டாக்டர். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, விரைவில் பூரண நலம் பெற வாழ்த்தும் இணைக்கப்பட்டது. வாழ்த்துக்குக் கட்டணமில்லை.

கம்பெனி பெருமிதம் கொண்டது. 'எங்களோடு மீண்ட குரல்' என்று விளம்பரத்துக்கு ஒரு படம் கேட்டார்கள். பழக்கூடையோடு போனேன். கூடத்தில் பீரோ இருந்த இடம் காலி. அக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை. அத்தான் பக்கம் திரும்பி, "இந்தப் பாலிசிய நம்ம தலையில கட்டினது யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அத்தான் உதட்டை அசைத்துப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, சரக்கைக் காட்டுவதுபோல் என்னைக் காட்டினார்.

"மூணு தரம்."

என்னை வாங்குவதற்கு அந்த வீட்டில் யாரும் இல்லை.