கொண்டையூசி மாமாவும் நேர் ரோடும்

நேரான வீதியைக் கண்டு பயப்படுகிற டிரைவர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். மஸ்கெலியாவில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, அவர் வேன் வைத்திருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருந்திருக்கும். அதைப் பொலிஸ்காரர்கள் மட்டுமே படித்திருக்கிறார்கள். எங்களுக்கு அவர் கொண்டையூசி மாமா. மலை ரோட்டின் கொண்டையூசி வளைவுகளில் அவர் ஸ்டியரிங்கைத் திருப்புவது, அம்மா ரொட்டிக்கு மா பிசைவதுபோல இருக்கும். அவசரமே இருக்காது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு, எதிரே பனிமூட்டத்துக்குள்ளிருந்து லொறி. மாமா ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே மற்றக் கையால் தோடம்பழம் உரிப்பார்.

ரோடு நேரானதும் அவருடைய முகம் மாறிவிடும். முதலில் சந்தேகம், பிறகு கொட்டாவி, அதன் பிறகு தூக்கம்.

"முடக்குக்கு முடக்கு ஒரு சாமி பேரச் சொல்லிக்கிட்டே ஓட்டுவேன் பாப்பா. முடக்கு இல்லாத ஊர்ல மனுசன் எப்பத்தான் சாமிய நெனப்பான்?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் சிவில் எஞ்சினியர். வளைவின் ஆரம், சரிவு, பார்வைத் தூரம் என்று மூன்று பாடம் படித்துப் பாஸ் செய்தவள். வளைவுக்கு இப்படியொரு பயன்பாடு இருப்பதாக எந்த விரிவுரையாளரும் சொல்லித்தரவில்லை.

இவ்வளவு பக்தியுள்ளவரின் வேனில் ஒரு சாமி படம்கூடக் கிடையாது. அம்மா கேட்டார்.

"என்னா தம்பி, முன்னால ஒரு பிள்ளையார்கூட இல்ல?"

"வச்சேங்க்கா. வட்டவளை தாண்டுறதுக்குள்ள மூணு தரம் விழுந்துட்டாரு. மனுசனுக்கே தல சுத்துற ரோடு. அவருக்குச் சுத்தாதா?"

இப்போது மாமா வேனை விற்றுவிட்டு வவுனியாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே எல்லா ரோடும் நேராம். வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லையாம்.

அவருடைய வேனில்தான் நாங்கள் கடற்கரை ரோட்டால் யாத்திரை போனோம். ஏன் போனோம் என்பதற்கு எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்ல வேண்டும்.

அப்பா வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர். அம்மா சைவம். அப்பாவின் தங்கை ஸ்டெல்லா அத்தை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை கோவில், ஞாயிற்றுக்கிழமை பூசை என்று வளர்ந்த எனக்கு இதில் ஒரு சிக்கலும் இருந்ததில்லை. அப்பாவுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தபோதுதான் சிக்கல் வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு பெஞ்சில் அம்மா உட்கார்ந்து முன்னேஸ்வரத்து ஈஸ்வரனுக்கு நேர்த்தி வைத்தார். எதிர் பெஞ்சில் அத்தை உட்கார்ந்து தலவில தேவாலயத்து அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தார். அப்பா பிழைத்து வந்தார். டொக்டருக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை.

வீடு வந்த முதல் வாரமே, பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "ஈஸ்வரன்தான் காப்பாத்துனாரு" என்றார். அதே நேரத்தில், அதே ஆட்களிடம், அத்தை தேநீர்க் கோப்பையை நீட்டியபடி, "எல்லாம் அன்னம்மா தாயோட கிருப" என்றார். அன்று நின்றது இருவருக்கும் இடையிலான பேச்சு. எட்டு மாதம் நின்றது.

ஒரே குசினியில் இரண்டு பெண்கள் பேசாமல் சமைப்பதற்கு ஓர் ஆள் தேவை. அந்த ஆள் அப்பா.

"ஒங்க தங்கச்சிக்கிட்ட சொல்லுங்க, பருப்புல உப்பு கூடன்னு."

"அண்ணிக்கிட்ட சொல்லுங்கண்ணே, உப்பு போட்டதே அவங்கதான்னு."

இருவருக்கும் நடுவே ஓர் அடி தூரம்தான். அப்பா அந்தப் பேச்சையும் ஒரு சொல் மாறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஆயுள் முழுக்கத் தேயிலை ஃபாக்டரியில் இயந்திர இரைச்சலுக்குள் வேலை செய்தவர்; ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். டொக்டர் அவருக்குத் தடை செய்தவை நான்கு: பாரம் தூக்குவது, படி ஏறுவது, உப்பு, கவலை. முதல் மூன்றையும் பட்டியல் போட்டுக் குசினிக் கதவில் ஒட்டினேன். நான்காவதை ஒட்டி என்ன பிரயோசனம்?

நான் லீவில் வந்திருந்த ஒரு நாள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணு ஆயிட்டா, இவங்க ரெண்டு பேரும் இந்த ஒரே வீட்டுலதாம்மா இருக்கணும். எனக்குப் பொறவு யாரு தூது போவா?"

ஒரே மூச்சில் அப்பா அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு நேர்த்தியையும் ஒரே பயணத்தில் முடிப்பது அவருடைய திட்டம். "ஒரே வேனு, ரெண்டு நாளு. பேசாம எங்க போவாங்க?"

நான் அட்டவணை போட்டேன். மேற்குக் கரையில் வடக்கே போனால் சிலாபத்தில் முன்னேஸ்வரம் முதலில் வரும். அதற்கும் அப்பால், கடலோரத்தில், தலவில. அட்டவணையைப் பார்த்த அத்தை, "ஈஸ்வரனுக்குத்தான் மொத எடமா?" என்றார். வரைபடம் அப்படித்தான் இருக்கிறது என்றேன். "மேப்ப யாரு போட்டா?" என்றார் அத்தை.

விடியற்காலையில் புறப்பட்டோம். நான் கைபேசியும் அட்டவணையுமாக முன் ஆசனத்தில். அம்மா நடு ஆசனத்தில். அத்தை பின் ஆசனத்தில். அப்பா ஊருக்கு ஊர் இறங்கி இடம் மாறிக்கொண்டிருந்தார். கினிகத்தேனையில் சாப்பிட நிறுத்தியபோது இருவரும் வேறு வேறு மேசையில் உட்கார்ந்தார்கள். அப்பா நடுவில் நின்றுகொண்டே பிளேன்டீ குடித்தார். கடைக்காரர் அவரை வெயிட்டர் என்று நினைத்து, மூன்றாவது மேசையைத் துடைக்கச் சொன்னார்.

அவிசாவளை வரை மாமா ராஜா. மலை முடிந்ததும் நெளிய ஆரம்பித்தார். நீர்கொழும்புக்கு அப்பால் ஆளில்லாத நேர் ரோட்டில் நீளமாக ஹோர்ன் அடித்தார். ஒரு பொலிஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். உரையாடல் சிங்களத்தில் நடந்தது, சாரம் இது:

"எதுக்கு ஹோர்ன் அடிச்சீங்க?"

"முடக்கு வரலாம் சேர்."

"ரோடு நேரா இருக்கே?"

"அதாங்க சேர் சந்தேகமா இருக்கு."

எந்த ஊர் என்று கேட்டார் பொலிஸ்காரர். மஸ்கெலியா என்றதும் மாமாவை ஒரு நிமிடம் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, போகச் சொன்னார்.

முன்னேஸ்வரத்தில் அம்மாவும் அப்பாவும் நானும் தேங்காய் உடைத்துக் கும்பிட்டோம். அத்தை வேனை விட்டு இறங்கவில்லை. வெயிலில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா பிரசாதத்தை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதை மாமாவிடம் கொடுத்தார். மாமா சாப்பிட்டுவிட்டார்.

சிலாபம் தாண்டியது. ரோடு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல் கிடந்தது. பக்கத்தில் திரும்பி மாமாவின் கண்களைப் பார்த்தேன். பாதிக் கண்தான் இருந்தது.

"மாமா, நிப்பாட்டிக் கொஞ்சம் தூங்குங்க."

"நிப்பாட்டுனா தூக்கம் போயிரும் பாப்பா. ஓட்டுனாத்தான் வரும். நீ ஏதாச்சும் பேசு."

கொங்கிரீட் எப்படி இறுகுகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாம் பாப்பா, நீ பேசுனா இன்னும் சொக்குது. எனக்குச் சண்ட வேணும். எங்க வீட்டுக்காரி மட்டும் வந்திருந்தா புத்தளம் வரைக்கும் ஒரு கொட்டாவி வராது. யாராச்சும் சண்ட போடுங்களேன்!"

யாரும் போடவில்லை. எட்டு மாதப் பழக்கம். வேன் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. வேலியோரத் தென்னை மரம் ஒன்று எங்களை நோக்கி வர ஆரம்பித்தது.

"ஐயோ ஈஸ்வரா!" என்று அலறினார் அம்மா.

"அன்னம்மா தாயே!" என்று அலறினார் அத்தை.

மாமா திடுக்கிட்டு விழித்தார். வேன் ரோட்டுக்குத் திரும்பியது. பிறகு அம்மா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"நாந்தான் மொதல்ல கூப்புட்டேன்."

"எங்க அண்ணி? நான் பாதி கூப்புட்ட பொறவுதான் நீங்க வாயவே தெறந்தீங்க!"

அப்பா நடுங்கிப்போய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாமாவின் கண்கள் முழுதாகத் திறந்திருந்தன.

"ஆ, அப்படித்தான்! விட்றாதீங்க!"

விடவில்லை. தென்னை மரத்திலிருந்து யார் காப்பாற்றியது என்று தொடங்கி, சத்திரசிகிச்சையிலிருந்து யார் காப்பாற்றியது என்று போய், பருப்பு, குழாய்த் தண்ணீர், நான் பிறந்தபோது யார் பெயர் வைத்தது என்று பின்னோக்கிப் போய், சண்டை மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தது.

"நான் ஒருத்தியா பெஞ்சில கெடந்தேன். நீ எதுத்த பெஞ்சில போயி ஒக்காந்த. என்னா அண்ணி, ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டியா ஸ்டெல்லா?"

"கேக்கப் பயமா இருந்துச்சு. கேட்டா நீங்க அழுதுருவீங்க. நீங்க அழுதா, அண்ணன் போயிட்டாருன்னு நான் நெனச்சுருவேன்."

அம்மா பின்னால் திரும்பி அத்தையைப் பார்த்தார். ஒரே மனிதருக்காக இரண்டு கதவுகளைத் தட்டியவர்கள். திறந்தது எந்தக் கதவு என்று இவ்வளவு நாளும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாலத்தை இரண்டு தூண்கள் தாங்கும்போது, எந்தத் தூண் தாங்குகிறது என்று எங்கள் துறையில் யாரும் கேட்பதில்லை. இதை நான் சொல்ல வாயெடுத்தபோது மாமா முந்திக்கொண்டார்.

"அக்கா, நிப்பாட்டிட்டீங்களே, எனக்கு மறுபடி சொக்குது!"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருப்பா, உப்பு விசயத்துக்கு இன்னும் நான் வரல" என்றார்.

மாமாவுக்குத் தூக்கம் வந்ததெல்லாம் நடிப்பு என்று தோட்டத்தில் இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் அந்தத் தென்னை மரத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை.

தலவிலவில் இறங்கியும் சண்டை ஓயவில்லை. வேனிலேயே உட்கார்ந்திருந்து பழிவாங்குவது அம்மாவின் திட்டமாக இருந்தது. ஆனால் அத்தையோடு வாதாடியபடியே மணலில் நடந்து, செருப்பைக் கழற்றி, கோயிலுக்குள்ளே போய்விட்டார். சொரூபத்துக்கு முன்னால் நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"இவங்கதானா அது? யாரு இவங்க?"

"மாதாவோட அம்மா, அண்ணி."

"அப்ப இயேசுவுக்கு அம்மாச்சி. அம்மாச்சின்னா பேரப்புள்ளகிட்ட சொல்லிச் செய்ய வச்சிருப்பாங்க." அம்மா கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் ஒரு மெழுகுதிரி குடு. ரெண்டு பேரும் சேந்து செஞ்சிருக்கலாம்."

அத்தை கையில் இருந்ததில் பெரிய திரியாகப் பார்த்துக் கொடுத்தார். அப்பா வாசலில் நின்று சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார், ஏதோ தூசி விழுந்த ஆளைப்போல.

அன்று இரவு யாத்திரிகர் மடத்தில் தங்கி, மறுநாள் பூசை கண்டு, கடலில் கால் நனைத்து, பகல் சாப்பாட்டுக்குப் பின் திரும்பினோம். இப்போது அம்மாவும் அத்தையும் நடு ஆசனத்தில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். புத்தளம் ரோட்டுக்கு வருவதற்குள் இருவரும் தூங்கிவிட்டார்கள். அம்மாவின் தலை அத்தையின் தோளில் இருந்தது. அத்தையின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

முன்னால் அதே நேர் ரோடு. கண்ணாடியில் மாமாவின் கண்கள் சுருங்கத் தொடங்கின. அம்மாவையும் அத்தையையும் எழுப்புவோமா என்று பின் ஆசனத்திலிருந்து நான் எழுந்தேன். முன் ஆசனத்தில் இருந்த அப்பா திரும்பி, வேண்டாம் என்று கை காட்டினார். பிறகு, வாழ்க்கையில் யாரோடும் ஒரு வார்த்தை மோதாத என் அப்பா, மாமாவின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்:

"ஒனக்கு வண்டி ஓட்டவே தெரியலப்பா."

மாமா திகைத்துப் பார்த்தார். பின்னால் தூங்கும் இருவரையும் பார்த்தார். புரிந்துகொண்டு, அவரும் கிசுகிசுத்தார்:

"நீங்க காய வச்ச தேயிலத் தூளு எனக்குத் தெரியாதாண்ணே? அத்தனையும் கருகலு."

"நீ ஃபாக்டரிக்குள்ள வந்து பாத்தியா?"

"வாசன ரோட்டுக்கே வந்துச்சு!"

சிலாபம் வரை இப்படியே போனார்கள். ஒருமுறைகூட மாமா ஹோர்னில் கை வைக்கவில்லை. பள்ளம் வந்தால் வேகத்தைக் குறைத்து, வசவைப் பாதியில் நிறுத்தி, வேனைத் தொட்டில்போல இறக்கி ஏற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் கேட்டுக்கொண்டே வர வேண்டும் என்பதற்காகக் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன். யாருடைய தூக்கமும் கலைந்துவிடாமல் இவ்வளவு பதமாகச் சண்டை போடத் தெரிந்த டிரைவரை, நான் அதற்குப் பிறகு எந்த ரோட்டிலும் பார்க்கவில்லை.