வெண்வெளியின் தந்தை

கானா நாட்டுக் கூமாசி நகரத்துக்குக் காற்றைக் கொண்டுவந்தவர் டிசைனர் ஒப்போங் டார்க்வா. அவருக்கு முன் இந்த ஊர்ப் போஸ்டர்களில் மூச்சுவிட இடமே கிடையாது. இதை அவரே பல கூட்டங்களில் கூறியிருப்பதால் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அவருடைய தொழில்வாழ்வு ஒரு சலூன் சுவரில் தொடங்கியது. எட்டு விதமான முடிவெட்டுக்கு எட்டுத் தலைகள் வரைந்தார். எட்டும் அவர் தலைபோலவே இருந்தன. பிறகு தலைநகர் அக்ராவில் மூன்று வாரப் பயிற்சி முடித்து, கறுப்புச் சட்டையோடும் 'வெண்வெளி' என்ற சொல்லோடும் திரும்பினார். போஸ்டரில் எழுத்தோ படமோ இல்லாமல் விடும் வெற்றிடத்துக்கு அப்படிப் பெயர். ஸ்டூடியோ திறந்தார். உள்ளே ஒரே நாற்காலி. வருகிறவர்கள் எளிமையை நின்றுகொண்டே உணர்ந்தார்கள்.

இழவுப் போஸ்டர் என்றால் இறந்தவர் படத்தின் கீழே மனைவிமார், பிள்ளைகள், பேரன் பேத்திகள், யார் எந்த நாட்டில் என்பதுவரை அச்சாக வேண்டும். கோக்கோ வியாபாரி பெதியாக்கோ காலமானபோது, குடும்பத் தலைவர் அஜேய் அப்படியொரு பட்டியலோடு வந்தார்.

"நாப்பத்து மூணு பேரு தம்பி. செத்தவரே சொல்லி எழுத வெச்சது."

டார்க்வா கண்களை மூடிக்கொண்டார். "படத்துக்கு மூச்சுத் திணறுதுங்கய்யா. சில பேரை எடுத்தாகணும்."

அஜேய் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பிள்ளைங்கள்ல கடைசிப் பேரைப் பாருங்க. ஆஃபுவா செர்வா. கொஞ்சம் நீளமாத் தெரியல?"

"இருக்கத்தான் இருக்கு."

"பேரு வந்துச்சுன்னா நாளைக்குத் தோட்டத்துலயும் பங்கு கேட்டு வந்து நிப்பா. நான் பேரை அடிச்சா ஊரு பேசும். டிசைன் அடிச்சா யாரு என்ன கேக்க முடியும்? எங்க வீட்டுல இன்னும் ஆறு பெருசுங்க படுக்கையில கிடக்குதுங்க. எல்லாத்துக்கும் போஸ்டர் உங்ககிட்டதான்."

டார்க்வாவின் கலையுள்ளம் அக்கணமே விழித்துக்கொண்டது.

மறுநாள், போஸ்டர் அச்சுக்குப் போகுமுன், செர்வா வந்து திரையில் அதைப் பார்த்தாள். சந்தையில் கென்கே என்னும் சோளமாவு உருண்டை விற்பவள். படுத்த படுக்கையாகக் கிடந்த தகப்பனை நான்கு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டவள்.

"மாஸ்டர், என் பேரைக் காணோம்."

"காணாமப் போகலம்மா. வெண்வெளியில கலந்திருக்கு."

"எங்கம்மாவை அவரு முறைப்படி கட்டிக்கல. சாகுறதுக்கு முன்னாடிதான் எல்லாரையும் கூப்பிட்டு 'இவ என் பொண்ணு'ன்னாரு. அப்பனுக்குச் சவப்பெட்டி குடுக்கறது பிள்ளைங்க கடமை. போஸ்டர்ல இல்லாதவளைப் பெட்டியைத் தொட விடமாட்டாங்க மாஸ்டர்."

"உணர்ச்சி வேற, விகிதம் வேற."

"ஹாம்பர்க்ல இருக்கற அவரு பையன் யாவ் பதிமூணு வருஷமா ஒரு போன் பண்ணல. அவன் பேரு மட்டும் இருக்கே."

"சின்னப் பேரு. கண்ணுக்கு இதமா இருக்கு."

"அப்ப என் பேரை எறும்பளவு போடுங்க."

"எறும்பு ஏறினா சமநிலை போயிடும்மா."

அவள் திரையில் படத்தின் கீழிருந்த வெறுமையைப் பார்த்தாள். "இங்க ஒரு குடும்பமே பாய் விரிச்சுப் படுக்கலாம் போலிருக்கே மாஸ்டர்."

உண்மையைச் சொன்னால், டார்க்வாவின் விரல் விசைப்பலகைவரை போனது. ஒரு பெயரைச் சேர்க்க எவ்வளவு நேரமாகும்? அப்போது படுக்கையில் கிடந்த அந்த ஆறு பேர் நினைவுக்கு வந்தார்கள். விரலும் எளிமையை நாடித் திரும்பிவிட்டது.

சனிக்கிழமை சடங்கு. பெட்டியருகே அஜேய் போஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக அழைத்தார். செர்வா முன்னால் வந்தாள்.

"உன் பேரு இதுல இல்லையேம்மா. நான் என்ன பண்றது, டிசைன் அப்படி" என்றார், மிகுந்த துக்கத்தோடு.

அவள் பந்தலுக்கு வெளியே, தண்ணீர் விற்பவர்களோடு நின்றுகொண்டு தகப்பனை வழியனுப்பினாள்.

அந்தப் போஸ்டர் புகழ்பெற்றது. ஸ்டூடியோ வாசலில் வரிசை நின்றது. ஒருவருக்கு இரண்டாம் மனைவி 'நெருக்கடியாக' இருந்தாள். இன்னொருவருக்கு ஒரு தம்பி 'கண்ணை உறுத்தினான்'. அனைவருக்கும் வெண்வெளி வழங்கப்பட்டது. டிசைனர்கள் சங்கம் 'ஆண்டின் எளிமை' விருது கொடுத்தது. பாராட்டுரை ஒன்பது பக்கம்.

அது தகும். முன்பெல்லாம் இந்த ஊரில் ஒரு மகளை மகளில்லை என்றாக்க மூன்று பொய்ச்சாட்சி, ஒரு பொய்ச்சத்தியம், காது மந்தமான நீதிபதி என்று எத்தனை பேர் பாடுபட வேண்டியிருந்தது. இப்போது ரசனையுள்ள ஒருவர் போதும்.