விளையாட்டுச் சங்கச் சந்தா

"சாயங்காலத்துக்குள்ள கணக்கு வேணும். ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்துல பாதிப் பேராவது சேர்ந்திருக்கணும். இல்லேன்னா என் பங்கை நிறுத்திட்டு, திட்டத்தையே மூடிடுவேன்" என்றார் தையல் ஃபாக்டரி முதலாளி.

அடுத்த வருஷம் குமாஸ்தாவுக்கே ஓய்வு. அவரவர் நேராகவே பணம் கட்டுவதால், யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பது அதை வாங்கிச் சேமிக்கும் கம்பெனிக்குத்தான் தெரியும். கேட்டால், "பதில் வர ஒரு மாசமாகும்" என்றார்கள்.

எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார். "சேர்ந்தவங்க கை தூக்குங்க!"

பட்டன் பிரிவுப் பெண்கள் தூக்கினார்கள்; எல்லாரும் அங்கே வேலை பார்க்கும் ஆண்களின் மனைவிமார். ஆண்கள் பக்கம் ஒரு விரல்கூட அசையவில்லை. குமாஸ்தாவின் கையே பாதி எழும்பியது. பட்டன் பிரிவு சூப்பர்வைசரான தன் மனைவியின் பார்வை பட்டதும், தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிக்கொண்டது.

"சரி, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத் தூக்குங்க."

ஆண்கள் மூடினார்கள். மனைவிமார் ஒருத்தியும் மூடவில்லை; ஆண்கள் பக்கம் கையும் எழவில்லை.

"அப்ப சேராதவங்க தூக்குங்கப்பா!"

ஆண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். பால் ஊற்ற வந்தவர் கேனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். குமாஸ்தாவின் கையும் எப்படியோ மேலே போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். "இத்தனை பேர் சேரலையா? மூடிட வேண்டியதுதான்!"

"அரை மணி நேரம் குடுங்க முதலாளி" என்று கெஞ்சிவிட்டு, குமாஸ்தா கட்டிங் மாஸ்டரைத் துணிக் கிடங்குக்குள் இழுத்துப்போனார்.

"நீ சேர்ந்தவன்தானேய்யா? ஏன் இப்படிக் கவுத்தே?"

"மெதுவா பேசுங்கண்ணே. 'வீட்டுக்கு ஒருத்தர் கட்டினாப் போதும், உன் சம்பளத்துல ஃப்ரிட்ஜ் வாங்கு'ன்னுட்டா எங்க வீட்டுல. வீட்டுக்குக் குடுக்கற சம்பளத்துல குறையறது விளையாட்டுச் சங்கச் சந்தான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அட, நீயுமா?" குமாஸ்தாவுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"இங்க எல்லா ஆம்பளையும் அதான் சொல்றான். பாவம், நம்பறாங்கண்ணே!"

இதைப் போய் முதலாளியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் பட்டன் பிரிவு சும்மா விடுமா? குமாஸ்தா முதலாளி அறைக்குப் போய், "இன்னும் ஒரு பத்து நிமிஷம்..." என்று இழுத்தார்.

கேட் காவலாளி மூச்சு வாங்க ஓடி வந்தார். "கணக்கு வந்தாச்சுங்க! முக்கால்வாசிப் பேர் சேர்ந்திருக்காங்களாம். நம்ம குமாஸ்தா சார் வீட்டம்மாதான் எண்ணிச் சொன்னாங்க."

"அவளுக்கு எப்படிய்யா தெரியும்?" குமாஸ்தா அலறினார்.

"பந்தே இல்லாத ஃபாக்டரியில விளையாட்டுச் சங்கத்துக்குச் சந்தா கட்டற புருஷனுங்களை எண்ணினாங்களாம் சார், உங்கள்லேர்ந்து ஆரம்பிச்சு!"