ஓட்டுக் கேட்காத பலகைகள்

கடைசிக் கட்டுப் பலகையை வைக்கோல் உருளைக்குப் பின்னால் வெர்லின் முழங்காலால் நெட்டிக்கொண்டிருந்தபோது, கொட்டகைக்கு வெளியே லடோனாவின் குரல் கேட்டது.

"எல்லாத்தையும் நட்டுட்டியா?"

"நட்டாச்சு," என்றான். வெளியே எட்டிப் பார்க்கவில்லை. மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும்.

அவன் மனைவி லடோனா கவுண்டி கமிஷனுக்கு, அதாவது ஜில்லா போர்டு மாதிரி ஒன்றுக்கு, தேர்தலில் நிற்கிறாள். அமெரிக்காவில், கான்சஸ் மாநிலத்தில் அவர்கள் இருக்கிற மூலையில் அது ஒன்றும் ராஜபதவி இல்லை. மண் ரோடு, மதகு, பனி தள்ளுகிற வண்டி, அவ்வளவுதான். ஆனால் மதகு அடைத்தால் ஜனங்கள் கமிஷனர் வீட்டு அடுப்படிக்கே வந்து, கமிஷனர் வீட்டுக் காபியையே குடித்துக்கொண்டு திட்டுவார்கள்.

வெர்லினுக்கு வேண்டியது சூடாக ஒரு ராச்சாப்பாடு, அப்புறம் அவன் நாற்காலி. நாள் முழுக்க வயலில் கிடக்கிறவனுக்கு இது பேராசையா? அவள் ஜெயித்தால் இரண்டும் போச்சு.

லடோனாவின் அண்ணன் கேலன் அச்சகம் வைத்திருக்கிறான். தங்கச்சிக்காக, கம்பிக் கால் வைத்த தேர்தல் விளம்பரப் பலகைகளை இலவசமாக அடித்துக் கொண்டுவந்து இறக்கினான். ரோட்டோரப் பள்ளங்களில் நடச் சொல்லி அவள் அதை வெர்லினிடம் கொடுத்தாள். வெர்லின் வைக்கோலிடம் கொடுத்தான்.

எதிர்த்து நின்றவர் டிராக்டர் விற்கிற டிட்மர். அவர் பலகைகள் புல்லைவிட அடர்த்தியாக முளைத்தன. வெர்லினுக்குப் பரம திருப்தி. ஆகஸ்டில் பக்கத்து நிலத்துக்காரன் ரஸ், முறுக்கிப்போன கம்பி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வரும்வரைக்கும்.

"டிட்மரோட பலகை. பள்ளத்துப் புல்லுக்குள்ள சாஞ்சு கெடந்திருக்கு. புல் வெட்டுற மெஷின் பல்லு அத்தனையும் போச்சு. இந்த ரோட்டுல எல்லாருக்கும் இதே கதி."

"அடப்பாவமே."

"உன் வீட்டுக்காரி ஒருத்திதான் எங்கள நெனச்சுப் பாத்திருக்கா. ஒரு கம்பி நட்டாளா பாரு. எங்க வீட்டு ஓட்டு மொத்தமும் அவளுக்குத்தான்."

வைக்கோலுக்குப் பின்னால் கிடப்பதைச் சொல்லிவிடலாமா என்று வெர்லின் யோசித்தான். சொன்னால் ராத்திரிக்குள் லடோனா காதுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டான்.

ஓட்டுப் போடுகிற அன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் நின்ற வரிசை முழுக்க அவனிடம் கைகுலுக்கியது. உன் பெண்டாட்டி கெட்டிக்காரி என்றது. வெர்லின் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய், ஓட்டுச்சீட்டில் டிட்மர் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை நன்றாகக் கருப்படித்தான். அன்றைக்கு அவன் மனசாரச் செய்த வேலை அது ஒன்றுதான்.

லடோனா அமோகமாக ஜெயித்தாள். டிட்மருக்கு விழுந்தது அவருடைய சொந்தக்காரர்கள் ஓட்டு. அதோடு வெர்லினுடையது.

வீட்டுக்கு வந்ததும் லடோனா சாவகாசமாகச் செருப்பைக் கழற்றினாள்.

"கொட்டகைல பலகையெல்லாம் நனையாம இருக்குல்ல?"

வெர்லின் நாற்காலியில் அப்படியே சரிந்தான். "உனக்குத் தெரியுமா?"

"கேலன் ஆசையா அடிச்சுக் குடுத்தான். வேணாம்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். நட்டிருந்தா ரஸ் என்னையும் உரிச்சு உப்புத் தடவியிருப்பான். அதான் உங்கிட்ட ஒப்படைச்சேன். நீ செய்யமாட்டேன்னு ஒரு நம்பிக்கை."

அப்போது போன் அடித்தது. யாருக்கோ மதகு அடைத்திருக்கும்.

"எடுத்துப் பேசு வெர்லின்," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மாடியேறினாள்.

எடுத்தால் நாளையிலிருந்து இதுதான் வேலை. எடுக்காவிட்டால், சொன்னதைச் செய்யமாட்டான் என்ற அவள் நம்பிக்கை மறுபடியும் பலித்த மாதிரி. போன் விடாமல் அடித்தது.

வெர்லின் எடுக்கவில்லை.