பிராசஸருக்குச் சந்தனக் காப்பு

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தனக்கு என்னவெல்லாம் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. அந்தச் சௌகரியத்தை வைத்துக்கொண்டு நான் நாற்பது வருஷம் நன்றாகவே பிழைத்தேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது என் காலை வாரிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.) கார்வேட்டிநகரம் பக்கத்தில் கூலி வேலைக்குப் போனவர்களின் பிள்ளை நான். எங்களுக்குக் கையகல நிலம் கிடையாது. பன்னிரண்டு வயதில் சித்தூருக்கு பஸ் ஏறி, மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் 'காயில்' சுற்றிக் கட்டும் கடை ஒன்றில் தரை கூட்டச் சேர்ந்தேன். இருபத்தாறு வயதில் சொந்தக் கடை வைத்தேன். ஊரெல்லாம் போர்வெல் போட ஆரம்பித்து, மாங்கூழ் பேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலம் அது. திருப்பதி மெக்கானிக்குகள் உதட்டைப் பிதுக்கி அனுப்பிய மோட்டார்களை நான் ஓட வைத்திருக்கிறேன். தெலுங்கு பேசினேன் என்றால், எதிரில் நிற்கிற தெலுங்குக்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார். (ஏன் யோசித்தார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.)

எங்களுக்கு ஒரே மகள், கீதா. கம்ப்யூட்டர் படித்து, கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு லண்டனுக்குப் போய்விட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. படிக்கும்போது அவளுக்கு வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் எங்கள் கூடத்திலேயே இருந்தது. கம்பெனியே பூட்டி, சீல் ஒட்டி அனுப்பிய பெட்டி. அதில் ஒரு கேமராவை மாட்டி, வாரம் ஒரு முறை மகளின் முகத்தைப் பார்ப்போம். பார்ப்போம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். படம் நின்று நின்று வரும். ஒரு முறை கீதா வாயைத் திறந்தபடியே பத்து நிமிஷம் உறைந்து நின்றாள். என் மனைவி மல்லிகா திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "மூட்றி, வாய மூட்றி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கீதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப் பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும். அது நடக்கவில்லை. மல்லிகாவாவது அங்கே போயிருக்க வேண்டும். விசா கொடுக்க மாட்டோம் என்று காகிதம் வந்தது. சம்பந்தியம்மாவுக்கு மட்டும் விசா கிடைத்தது.  மல்லிகா, வாங்கி வைத்திருந்த பிரசவ மருந்துச் சாமான்களை ஒரு பையில் கட்டி, பரண்மேல் போட்டுவிட்டாள்.

பெயர் வைக்கும் நாள் நெருங்கியது. கீதா போனில் சொன்னாள்: "நைனா, ஞாயித்துக்கிழம இங்க பன்னண்டு மணி, உங்களுக்கு சாயங்காலம் அஞ்சரை. பேரு இன்னான்னு யாருக்கும் சொல்லல. தட்டுல அரிசியப் பரப்பி எழுதி, கேமராவுக்கு நேரா காட்டறோம். மொத மொத நீங்க ரெண்டு பேரும் படிக்கணும்."

"காட்டும்மா, காட்டு."

"ஆனா நம்ம சிஸ்டம் தாங்காது நைனா. பிராசஸர் பழசாயிடுச்சி. கொழந்த பொறந்ததுலேருந்து ஒரு நாளாவது படம் வந்துச்சா? அன்னிக்கு ஒரு நாளு பிரவுசிங் சென்டருக்குப் போயி உக்காந்துக்கோங்க."

என் பேத்தியை நான் வாடகை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதா? ஐந்து குதிரை சக்தி மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிற கைக்கு, பிஸ்கட் அளவு சாமான் ஒரு பொருட்டா? "அந்த பிராசஸர நானே மாத்திடறேன். நீ கொழந்தையப் பாரு" என்றேன்.

"நைனா, வேணாம்."

"வேணாங்க" என்றாள் மல்லிகாவும், பக்கத்திலிருந்து.

இரண்டு பேர் வேண்டாம் என்று சொன்ன வேலையை நான் செய்யாமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

சனிக்கிழமை திருப்பதிக்குப் போனேன். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் தெலுங்குக்காரர், மரியாதையான மனிதர். பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த நம்பரை நான் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைப் பார்த்து, பொருந்துகிற பிராசஸர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கூடவே சின்ன ட்யூப் ஒன்றையும் பைக்குள் போட்டார். எப்படிப் பூட்டுவது என்று அவர் விளக்கியபோது நான் பெரிய ஆள் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியாக அவர் சொன்ன வார்த்தைகள் இவை:

"பல்ச்சகா, கந்தம் ராசினட்டு ராசி பிகிஞ்சண்டி."

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. கந்தம் என்றால் தெலுங்கில் சந்தனம். ராசி என்றால் பூசி. நட்டு, நம் ஊர் நட்டுதான், போல்ட்டோடு வருவது. பிகிஞ்சண்டி என்றால் முடுக்குங்கள். ஆக, சந்தனம் பூசி, நட்டுக்கும் பூசி, முடுக்க வேண்டும். பல்ச்சகா என்றால் மெல்லிசாக. (அதைக் காதில் வாங்கினேன், ஆனால் மனதில் வாங்கவில்லை. சாமி காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது அல்லவா?)

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என் கடையில் எந்த மோட்டாரையும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் ஓட்டிப் பார்த்ததில்லை. இத்தனை படித்த தொழிலிலும் நம் வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்களே என்று அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, திருப்பிக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். மல்லிகா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு தயாராகிவிட்டாள். கேமராவில் பேத்தி பார்ப்பாளாம். பிறந்து இருபது நாள் ஆன குழந்தை!

பெட்டியில் ஒட்டியிருந்த கம்பெனி சீல் காகிதத்தைக் கிழித்தேன். மூடியைக் கழற்றி, விசிறியையும் அதன் கீழிருந்த அலுமினியக் கட்டியையும் எடுத்து, பழைய பிராசஸரை நெம்பாமல், நோகாமல் தூக்கினேன். புதியதன் மூலையில் இருந்த தங்க முக்கோணத்தைப் பார்த்துத் திசை மாறாமல் உட்கார வைத்தேன். இதுவரை ஒரு தவறும் இல்லை. இஞ்சினியர் செய்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்.

பிறகு மல்லிகாவைக் கூப்பிட்டேன். "சந்தனக் கட்டையும் கல்லும் எடுத்தா. பன்னீர் ஊத்தி கெட்டியா எழைச்சிக் குடு."

"எதுக்குங்க?"

"மிசினுக்கு."

"மிசினுக்கு வெளிய ஒரு பொட்டு வெச்சா போதாதா?"

"திருப்பதிக் கடைக்காரரே சொன்னாருடி. தெலுங்கு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

பாவம், உட்கார்ந்து அரைத்துக் கொடுத்தாள். பட்டுப்புடவையில் பன்னீர் தெறித்தது. நான் பிராசஸருக்கு நான்கு பக்கமும் வழிய வழியச் சந்தனக் காப்பு சாத்தினேன். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. திருகாணிகளையும் சந்தனத்தில் தோய்த்து, மோட்டார் முடுக்குகிற கையால் முடுக்கினேன். பைக்குள் இருந்த ட்யூப் சூட்டுக்காய மருந்தாக இருக்கும் என்று நினைத்து, விரலில் இருந்த ஒரு பழைய தழும்பில் தடவிக்கொண்டேன். குளுகுளுவென்று இருந்தது.

ஸ்விட்ச் போட்டேன். விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. "பாத்தியாடி!" என்று திரும்பினேன். மல்லிகாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவளுடைய கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. (கல்யாணம் என்னோடு என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கக் கல்யாண மண்டப வாசனை. அப்புறம் தீய்ந்த வாசனை. அப்புறம் எதுவுமே இல்லை. விசிறி நின்றது, திரை இருண்டது.

மணி நாலு. பயந்துகொண்டே பிரித்தேன். பன்னீர் கீழே இறங்கி, பிராசஸர் உட்காரும் ஓட்டைகளுக்குள் போயிருந்தது. துணியால் துடைத்து, ஊசியால் குத்திச் சந்தனத்தை எடுத்தேன். பழைய பிராசஸரையே திரும்ப மாட்டலாம் என்று எடுத்தால், என் அவசரத்தில் அதன் கீழே இருந்த முடி போன்ற கம்பிகள் ஒரு வரிசையே மடங்கிப் படுத்துவிட்டன. நாலரைக்குத் திருப்பதிக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"பெத்தாயனா, மீரு ஏமி ராசாரு?" என்று கேட்டார். பெரியவரே, நீங்கள் என்ன பூசினீர்கள் என்று அர்த்தம்.

"கந்தம்" என்றேன்.

"ஏ கந்தம்?"

"மஞ்சி கந்தமே, நல்ல சந்தனந்தான். கட்டையில அரைச்சது."

 அழுகிற குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார். "கந்தம் ராயமனலேதண்டி. கந்தம் ராசினட்டு அன்னானு."

சந்தனம் பூசச் சொல்லவே இல்லையாம். ராசினட்டு என்பது ஒரே சொல்லாம். அதில் நட்டும் இல்லையாம், போல்ட்டும் இல்லையாம். 'பூசுவது போல' என்று அர்த்தமாம். அந்த ட்யூபில் இருந்த பேஸ்ட்டைச் சந்தனம் பூசுவது போல மெல்லிசாகப் பூசி முடுக்குங்கள். அவ்வளவுதான் அவர் சொன்னது.

மல்லிகாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர் இறக்கியிருந்தது. இன்னொன்று இருக்கிறதே என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் விட்டேன். அங்கே கரண்ட் இல்லை. இருட்டில் நான்கு பையன்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மல்லிகா, "வூட்டுக்குப் போலாம். போன்லயாவது கேக்கலாம்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அஞ்சரைக்குப் போன் வந்தது. ரிசீவரை நான்தான் பிடித்துக்கொண்டேன். (வீட்டுக்குப் பெரியவன் நான்தானே, அந்த நேரத்திலும்.) அந்தப் பக்கம் ஒரே கூட்டம், மேளம், பாட்டு, யாரோ சிரிக்கும் சத்தம். குழந்தை வீறிட்டது. நடுவில் பெயரை மூன்று முறை சொன்னார்கள். கீதா போனுக்கு வந்து, "நைனா, கேட்டுச்சா?" என்றாள்.

கேட்டது. அம்பிகா.

அம்பிகா என் அம்மாவின் பெயர். கூலிக்குப் போன இடத்தில் ஒருவரும் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை லண்டனில் மேளம் வைத்துச் சொல்கிறார்கள்.

"அம்பிகாவா!" என்று கத்தினேன்.

"ஆமா நைனா, புடிச்சிருக்கா?" என்றாள் கீதா, அந்தச் சத்தத்தில்.

நான் அழுதுவிட்டேன். மல்லிகா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இன்னா பேருங்க? கொழந்த யாரு மாதிரி இருக்குதாம்? குடுங்க, குடுங்க" என்றாள். நான் ரிசீவரைக் கொடுத்தபோது லைன் போயிருந்தது.

மறுநாளே தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். அந்த வாரமே என் கடைக்குப் புது போர்டு எழுத வைத்தேன். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும், ஆள் உயர எழுத்தில்: அம்பிகா மோட்டார் ஒர்க்ஸ். கம்ப்யூட்டர் போனபின் எல்லாம் போனில்தான். கீதா பேசும்போதெல்லாம் பாப்பா, குட்டி என்றே சொன்னதால் ஒன்றும் வெளியே வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தபாலில் போட்டோக்கள் வந்தன. மல்லிகா கைகழுவித் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். குழந்தையின் முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் முறை. வெகுநேரம் பார்த்தாள். அடுத்த போட்டோவில் சம்பந்தியம்மா அரிசித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். மல்லிகா எட்டாவது வரை படித்தவள். எழுத்தின் மேல் விரல் வைத்துப் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க, இதுல 'ம்' எழுத்தே இல்லியே?"

அன்விகா என்று எழுதியிருந்தது.

போர்டை நான் மாற்றவில்லை. மூன்று பாஷையில் எழுதியதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழிப்பது? அதுவும் இல்லாமல், அது என் அம்மா பெயர்.

குழந்தைக்கு ஆறு வயதானபோதுதான் எல்லாரும் ஊருக்கு வந்தார்கள். கடை வாசலில் நின்று அன்விகா இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தாள். "ஆயா, யாரு அம்பிகா?" என்று பாட்டியைக் கேட்டாள்.

"அவளா?" என்றாள் மல்லிகா. "அவ உங்க தாத்தா காதுல பொறந்த பேத்தி."

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். அன்று தொடங்கியது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், "காதுல பொறந்தவ வரலியா?" என்று கேட்காமல் விடுவதில்லை. அன்விகா இப்போது காலேஜ் போகிற பெண். போன் செய்தால் முதல் கேள்வியே அதுதான்: "தாத்தா, அம்பிகா எப்டி கீறா?"

"நல்லா கீறாம்மா. கடைய அவதான் பாத்துக்கறா" என்பேன் நான். அந்தப் பக்கம் எல்லாரும் சிரிப்பார்கள்.

மல்லிகா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். இப்போதெல்லாம் படம் நிற்பதில்லை. மூக்குத்தி மின்னுவது வரை தெரிகிறது. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அவள் அதையே சொல்கிறாள்.

"இன்னும் கிட்ட வாம்மா. ஆயா சரியா பாக்கல."